லாஸ் வேகாஸில் ஒரு மேகத் திருவிழா

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2019 டிசம்பர் முதல் வாரத்தில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த 'ரீ:இன்வென்ட்' மாநாட்டுக்குப் போய் வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர். அமேசான் வெப் சர்வீசஸ் நிறுவனம் 2012 முதல் ஆண்டுதோறும் நடத்தும் கிளவுட் மாநாடு அது. நம் சங்கம் திரட்டிய கணினிக்கூட நிதியில் சர்வர் வாங்குவதா, கிளவுடை வாடகைக்கு எடுப்பதா என்று செயற்குழுவில் வாதம் நடக்கிறதல்லவா, அதனால்தான் என்னைப் பிடித்திருக்கிறார். அதற்கும் வருகிறேன்.

கிளவுட் என்றால் வானத்தில் ஏதோ இருப்பதாக நினைக்காதீர்கள். நாம் படித்த காலத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை இருக்கும். மணிக்கு இவ்வளவு என்று நோட்டில் எழுதிவிட்டு ஓட்டிப் போவோம். பங்க்சர் ஒட்டுவது கடைக்காரர் பாடு. அதேதான் இது. அமேசான் 2006-ல் கம்ப்யூட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு விட ஆரம்பித்தது. 2017 அக்டோபரிலிருந்து லினக்ஸ் மெஷின்களுக்கு விநாடிக் கணக்கிலேயே வாடகை.

மாநாட்டுக் கூட்டத்தைச் சொல்ல வேண்டும். 60,000 பேருக்கு மேல்! நம்ம ஊர்த் தேர்த் திருவிழா தோற்றது போங்கள். எல்லாம் ஒரே மண்டபத்தில் இல்லை. வெனிஷியன், எம்.ஜி.எம். கிராண்ட், ஆரியா, பெல்லாஜியோ என்று பல ஓட்டல்களில் பிரித்து வைத்திருந்தார்கள். சூதாட்ட மெஷின்களுக்கு நடுவே புகுந்துதான் டேட்டாபேஸ் வகுப்புக்குப் போக வேண்டும். நுழைவுக் கட்டணம் 1,799 டாலர். கம்பெனி கட்டியது, போனேன்.

பெரிய மேடையில் ஆண்டி ஜாசி ஏறத்தாழ 3 மணி நேரம் பேசினார். நடுநடுவே பாட்டுக் கச்சேரி வேறு. புதுப் பொருள்கள் ஒவ்வொன்றாக அறிவிக்கிறார்கள், கைதட்டுகிறார்கள். அதில் பாதி வியாபாரம் என்பதை நாம் மறக்கக் கூடாது. வாடிக்கையாளர்கள் மேடையேறி எவ்வளவு வேகமாக வளர்ந்தோம் என்று சொன்னார்கள். மாதம் எவ்வளவு பில் வந்தது என்று நான் கேட்டவரை ஒருவரும் சொல்லவில்லை.

எனக்குப் பிடித்தது வெர்னர் வோகல்ஸ் உரை. அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் அவர். எந்தப் பாகமும் ஒருநாள் கெட்டே தீரும், கெட்டால் எத்தனை பேருக்குப் பாதிப்பு என்பதுதான் கேள்வி என்பது அவருடைய கட்சி. 'பிசாலியா' என்று ஒன்றை விளக்கினார். கிளவுட் டிஸ்குகளின் நிர்வாகத் தகவலை ஒரே பெரிய டேட்டாபேஸில் வைக்காமல், மிகச் சிறிய ஏராளமான துண்டுகளாக வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டு செத்தால் அதைச் சார்ந்த சில டிஸ்குகளுக்கு மட்டுமே தொல்லை. எலெக்ட்ரிகல் படித்தவர்களுக்கு இது புதுசா என்ன? அறைக்கு ஒரு ஃபியூஸ் போடு, அடுப்படியில் ஷார்ட் ஆனால் கூடத்து விளக்கு எரியட்டும் என்று நம்ம லேபில் படித்ததுதான்.

'சாக் டாக்' என்று சிறு வகுப்புகளும் உண்டு. பேரில்தான் சாக்பீஸ், எழுதுவது வெள்ளைப் பலகையில்! அதை வடிவமைத்த எஞ்ஜினீயரே நின்று படம் போட்டு விளக்குவார். யாரும் குறுக்கே கேட்கலாம். பெரிய உரைகள் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கின்றன. இந்தச் சிறு வகுப்புக்காகத்தான் நேரில் போக வேண்டும் என்பேன்.

அப்படியொரு வகுப்பில் பேச்சு 2017 பிப்ரவரி 28 பக்கம் போயிற்று. அன்று வர்ஜீனியா மையத்தில் சில சர்வர்களை மட்டும் நிறுத்த ஒருவர் கட்டளை கொடுத்தார். அதில் ஓர் உள்ளீடு தப்பாக விழுந்தது. தேவைக்கு மேல் சர்வர்கள் நின்று, 'எஸ்3' என்னும் சேமிப்புச் சேவை சுமார் 4 மணி நேரம் படுத்துவிட்டது. எத்தனையோ வலைத்தளங்கள் கூடவே படுத்தன. வேடிக்கை என்னவென்றால், 'சேவை நின்றுவிட்டது' என்று காட்ட வேண்டிய அமேசானின் அறிவிப்புப் பலகையும் அதே எஸ்3-ஐ நம்பியிருந்ததால் அதையும் மாற்ற முடியவில்லை. பிறகு அந்தக் கருவியையே திருத்தினார்கள். ஒரேயடியாக அத்தனை சர்வர்களை அது இனி நிறுத்தாது. தட்டிய ஆளைத் திட்டுவதை விட்டு, தட்டினாலும் கெடாதபடி கருவியைச் செய்தார்களே, அதுதான் எனக்குப் பாடமாகப் பட்டது. அதற்காகத் தொல்லை ஒழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 2025 அக்டோபர் 20-ல் அதே வர்ஜீனியாவில் தானியங்கி மென்பொருள் ஒன்று முகவரிப் பதிவைக் காலியாக்கிவிட, மறுபடி உலகம் முழுக்கச் சேவைகள் நின்றன.

இப்போது நம் நிதிக்கு வருவோம். முழுவதையும் கிளவுடுக்கே கொடுக்கலாம் என்கிறது ஒரு கட்சி. நம் நிதி ஒரு முறை வருவது. வாடகையோ மாதா மாதம் வருவது. பையன்கள் மெஷினை அணைக்காமல் லீவுக்குப் போய்விட்டால், வகுப்பறையில் ஃபேனை ஓடவிட்டுப் போன மாதிரி மீட்டர் ஓடும். செலவு வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கை மெயில் வரும். நாம் தனியாக ஏற்பாடு செய்தாலொழிய மெஷின் தானாக நிற்காது. முழுவதற்கும் சர்வரே வாங்கலாம் என்கிறது இன்னொரு கட்சி. ஏ.சி., யு.பி.எஸ்., பார்த்துக்கொள்ள ஆள், இதெல்லாம் யார் தருவார்கள்? ஐந்தாறு வருஷத்தில் அது பழசு.

என் யோசனை இது. சாதாரண சர்வர் இரண்டு வாங்குவோம். அவற்றைக் கண்ணாடி அறையில் பூட்டி வைத்துப் பூஜை போட வேண்டாம். மாணவர்கள் மூடியைத் திறக்கட்டும், ஓடும்போதே டிஸ்கை உருவிப் பார்க்கட்டும், என்ன ஆகிறது என்று எழுதட்டும். மீதியை வங்கியில் போட்டு, வருகிற வட்டிக்குள் அடங்குகிற அளவுக்குக் கிளவுட். கணக்குப் பார்க்கும் பொறுப்பை மூன்றாம் ஆண்டு மாணவர் இருவரிடமே கொடுத்துவிடலாம். மாதா மாதம் அந்த பில் துறை நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட வேண்டும். எந்த மெஷின் யாருக்காக ஓடியது என்று பக்கத்திலேயே எழுத வேண்டும்.

அடுத்த செயற்குழுவில் இதை எழுத்து மூலமாகவே கொடுக்கிறேன். எதிர்த்துப் பேசுகிறவர்கள் சாப்பாட்டு வேளையில் என்னைப் பிடிக்கலாம்.