கை அறிந்தால் கண் அறியும்

(பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



குச்சி, காகிதம், களிமண் ஆகிய எளிய பொருள்களைக் கொண்டு உருவங்கள் சமைத்துப் பழகுவதைப்பற்றிப் பேச வந்துள்ளோம். 'இது சிறுவர் விளையாட்டன்றோ? வாய்க்கால் மராமத்தையும் வரவு செலவையும் ஆராயக் கூடியுள்ள நமக்கு இதனால் ஆவதென்ன?' என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நாங்களும் ஒரு காலத்தில் அங்ஙனமே எண்ணியிருந்தோம். ஒரு மாட்டுக் கொட்டகை எங்கள் எண்ணத்தை மாற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் பொது மாட்டுக் கொட்டகை ஒன்று எழுப்பினோம். அதன் முகப்புப் படம் எங்கள் முன் வைக்கப்பெற்றது. தூண்களும் உத்திரமும், அவற்றிடையே மூலைக்கு மூலை சாய்த்துப் பொருத்திய கழிகளும் அதில் செவ்வனே விளங்கின. 'நன்று' என ஒப்புக்கொண்டோம். ஐப்பசி மாதத்தில் ஓரிரவு காற்று முகப்பை நோக்கி வந்து மோதியது. கொட்டகை பின்புறமாகச் சாய்ந்தது. ஒரு குடும்பத்தின் ஒரே கறவைப் பசு கால் ஒடிந்தது.

பக்கவாட்டில் ஒரு சாய்கழியும் இல்லை. நாங்கள் கண்ட படத்தில் பக்கவாடே இல்லை! காற்றின்மீது பழி சுமத்துதல் எளிது. ஆனால் நீளம், அகலம், உயரம் என மூவளவும் உடைய பொருளை, இரண்டளவே உடைய காகிதத்தில் கண்டு நாங்கள் மனநிறைவு கொண்டதே உண்மையான காரணம்.

இக்குறையை நீக்கும் வழி யாது? கையால் செய்து பார்த்தலே வழி.

முதலில் குச்சியை எடுத்துக்கொள்வோம். நான்கு விரற்கடை நீளத்தில் தென்னை ஈர்க்குகளை நறுக்கி, ஊறவைத்த பட்டாணியில் செருகி இணையுங்கள். பட்டாணி உலர்ந்து சுருங்கும்போது குச்சியைப் பற்றிக்கொள்ளும். நான்கு குச்சிகளால் ஆன சதுரம் விரல் பட்டதும் சாயும். மூன்று குச்சிகளால் ஆன முக்கோணம் சாயாது. 12 குச்சிகளும் 8 பட்டாணிகளும் கொண்ட பெட்டி ஆடும். அதன் ஆறு முகங்களிலும் மூலைக்கு மூலை ஒவ்வொரு குச்சி சாய்த்துப் பொருத்தினால் ஆட்டம் நிற்கும். ஒரு முகத்தை விட்டுவிட்டாலும் தளர்ச்சி அவ்வழியே புகும். எங்கள் கொட்டகையின் கதை முழுவதும் இவ்விளையாட்டில் அடங்கியுள்ளதன்றோ?

இது புதியதோர் உபாயமன்று. ஜெர்மனி நாட்டில் 1837-ஆம் ஆண்டில் குழந்தைகளுக்கெனப் பள்ளி தொடங்கிய பிரோபெல் என்னும் அறிஞர், குச்சியையும் ஊறவைத்த பட்டாணியையும் பாடப்பொருளாக்கினார். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டில், அன்று ஹோஷங்காபாத் என வழங்கிய மத்தியப் பிரதேச மாவட்டத்தில், 16 கிராமப் பள்ளிகளில் செய்து கற்கும் விஞ்ஞானத் திட்டம் ஒன்று தொடங்கிற்று. 1978-இல் அங்குச் சென்று பணிபுரிந்த பொறியாளர் அரவிந்த குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் இணைத்து இத்தகைய உருவங்களைச் சிறுவர்க்குக் கற்பித்தார். கடைத்தெருவில் கிடைக்கும் பொருளே அங்குக் கருவியாயிற்று.

அடுத்தது காகிதம். இரண்டு செங்கற்களுக்கிடையே ஒரு தாளை வைத்தால் தன் எடையையே தாங்காது தொய்யும். அதே தாளை விசிறிபோல் மடித்து வைத்தால் ஒரு சிறு கிண்ணத்தைத் தாங்கும். எடை கூடவில்லை, உருவம் மாறியதே வலிமை தந்தது. 1919-இல் ஜெர்மனியில் தொடங்கப்பெற்ற பௌஹவுஸ் கலைப்பள்ளியில், ஜோசப் ஆல்பர்ஸ் என்னும் ஆசிரியர் மாணவர்க்குக் காகிதத்தைக் கொடுத்து, வெட்டியும் மடித்தும் அதன் இயல்பை அறியச் செய்தார். இவ்வுண்மையை நம் பனையோலை என்றும் எடுத்துக்காட்டி நிற்கின்றது. மடிப்பு மடிப்பாக அமைந்திருப்பதனாலன்றோ அவ்வகன்ற ஓலை காற்றில் விரிந்து நிற்கின்றது? நெளிவுத் தகரத்தின் தத்துவமும் அதுவே.

மூன்றாவது களிமண். ஐயனார் கோயில் குதிரைகளை நாம் அனைவரும் வணங்கியுள்ளோம். அவை எவ்வாறு நிற்கின்றன என்று எண்ணியுள்ளோமா? குயவர் பெருமக்கள் மண்ணோடு மணலும் உமியும் கலந்து, நான்கு கால்களையும் உள்ளீடற்ற உருளைகளாக முதலில் நிறுத்துகின்றனர். அவை சற்று உலர்ந்து உறுதி பெற்ற பின்னரே உடலை ஏற்றுகின்றனர். உடலும் உள்ளே வெறுமையாக இருப்பதால் சீராக உலர்ந்து, சூளையில் வெடிக்காமல் வேகின்றது. எங்குப் பொருள் வேண்டும், எங்கு வேண்டாம் என்பதை அவர்தம் கைகள் அறியும். இவ்வறிவு படைத்தோர் நம் ஊர்களிலேயே இருக்க, ஆசிரியரைத் தேடி நெடுந்தொலைவு செல்வானேன்?

ஆதலின் அங்கத்தினர்களாகிய உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் விடுக்கின்றோம். முதலாவது, உங்கள் ஊர்ப் பள்ளியில் வாரத்திற்கு ஒரு பிற்பகலை இப்பயிற்சிக்கு ஒதுக்குமாறு ஆசிரியர்களோடு கலந்து பேசுங்கள். குயவரையும் கூடை முடைவோரையும் தச்சரையும் மதிப்புடன் அழைத்து, உரிய ஊதியமும் அளித்துக் கற்பிக்கச் செய்யுங்கள். இரண்டாவது, கொட்டகையோ பந்தலோ எதுவாயினும், அதன் குச்சி மாதிரி ஒன்று உங்கள் மேசைமீது வரும்வரை ஒப்புதல் அளியாதீர்கள். அம்மாதிரியை நாற்புறமும் விரலால் தள்ளிப் பாருங்கள். மாதிரி பொறியாளரின் கணக்கிற்கு ஈடாகாது. ஆயினும் அவரிடம் கேட்கவேண்டிய கேள்வியை நமக்குக் கற்பிக்கும்.

அச்சிற்றூரில் கொட்டகையை மீண்டும் எழுப்புமுன் பள்ளிச் சிறுவர்களைக் கொண்டு மாதிரி செய்வித்தோம். அதைப் பின்புறமாகத் தள்ளிப் பார்த்து, 'ஐயா, இந்தப் பக்கம் இன்னும் ஆடுகிறதே!' என்று முதலிற் கூறியவள் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. பெரியவர்களாகிய நாங்கள் படத்தில் காணாததை அவள் விரல் கண்டது. அவள் காட்டிய இடத்தில் சாய்கழிகள் ஏறின. அதற்குப்பின் பல ஐப்பசிகள் வந்து சென்றன, கொட்டகை நிற்கின்றது.