கொழுந்து எடுக்கிற கையைப் பற்றி

(பதுளை, பசறைப் பக்கத் தோட்டங்களின் தலைவர், தலைவிமாருக்கான கூட்டத்தில் நமது அமைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்.)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்றைக்கு அந்தச் சம்பளத்தைச் சம்பாதிக்கிற கையைப் பற்றிப் பேசப்போகிறேன். நான் டாக்டர் இல்லை. பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். எலும்பும் மூட்டும் ஏழாம் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்லிக் கொடுக்கிற பாடம். அந்தப் பாடத்தை உங்களுக்கு முன்னால் கொண்டுவர ஒரு பிள்ளையின் தலைமுடிதான் காரணம்.

எப்போதும் ரெட்டைப் பின்னலோடு வருகிற பிள்ளை, ரெண்டு வாரமாக முடியை ஒரு ரப்பரில் சுற்றிக்கொண்டு வந்தது. பின்னல் இல்லாமல் வரக்கூடாது என்று நானும் சத்தம் போட்டேன். மூன்றாம் முறை கேட்டபோதுதான் சொன்னது, "அம்மாவுக்குக் கையைத் தூக்க ஏலாது டீச்சர்" என்று. அன்றைக்குப் பின்னேரம் லயத்துக்குப் போனேன். அந்த அக்காவுக்கு வயது 38. "வயசு போகுது டீச்சர், வாதம்" என்கிறார். 38 ஒரு வயதா? ராத்திரி அந்தப் பக்கம் புரண்டு படுக்க முடியாது. கையைத் தூக்கி ரவிக்கை போட முடியாது. ஆனால் காலையில் பெரட்டுக்குப் போய்விடுவார். போகாவிட்டால் பேர் இல்லை.

அவருடைய தோளில் என்ன நடந்தது என்று பார்ப்போம். ஒரு சின்னத் தட்டில் தோடம்பழம் வைத்தால் எப்படி நிற்கும்? தோள் மூட்டு அப்படித்தான். மேற்கை எலும்பின் தலை உருண்டை. அது உட்காரும் குழியோ ஆழமில்லாதது. அதனால்தான் உடம்பிலுள்ள மூட்டுகளில் தோள் எல்லாப் பக்கமும் சுழல்கிறது. அதனால்தான் சுலபமாகக் கழன்றும் போகிறது. பழம் தட்டைவிட்டு உருளாமல் நான்கு தசைகள் சுற்றிப் பிடித்திருக்கின்றன. அவற்றின் நுனி கயிறு போல எலும்பில் ஒட்டியிருக்கும். அதற்குத் தசைநாண் என்று பெயர். நாங்கள் "நரம்பு இழுக்குது" என்கிறோமே, அதில் பாதி நரம்பே இல்லை, இந்தத் தசைநாண்தான். வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது. அசைத்தால் வலித்தால் பெரும்பாலும் தசைநாண். மரத்துப்போவதும் ஊசி குத்துவதும் நரம்பு.

கையைத் தோளுக்கு மேலே தூக்கும்போது இந்தத் தசைநாண் மேலே இருக்கிற எலும்புக்கும் கீழே இருக்கிற எலும்புக்கும் நடுவில் உரசுகிறது. ஒரு தடவை உரசினால் ஒன்றுமில்லை. கவ்வாத்து வெட்டி நாலு வருஷம் போன மலையை நினைத்துப் பாருங்கள். செடி உயர்ந்து நிற்கும். கட்டையான பெண் அந்த நெரையில் நின்றால் நாள் முழுக்கக் கை தூக்கியபடிதான். பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்னுக்கு வீசிக் கூடையில் போட வேண்டும். மகளுக்குத் தலை பின்னத் தூக்குவதும் கிட்டத்தட்ட அதே அசைவுதான். மலையில் தேய்ந்தது வீட்டில் தெரிந்தது.

கணக்கு வாத்தியார் வேலையும் கொஞ்சம் பார்க்கிறேன். ஒரு கொழுந்து ஒரு கிராம் என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோவுக்கு 20,000 கொழுந்து. ஒரு பிடியில் ரெண்டு மூணு வந்தாலும் பெருவிரலும் சுட்டுவிரலும் பல ஆயிரம் தடவை கிள்ளியாக வேண்டும். 2021இல் 1000 ரூபாய் வந்தது, 2024இல் 1350 ஆனது. போராடித்தான் வாங்கினோம். ஆனால் 1000 வந்த கையோடு பல தோட்டங்களில் 18 கிலோ 20 ஆனது, சில இடங்களில் அதற்கும் மேலே போனது. அந்த ரெண்டு கிலோ எந்த மூட்டில் போய் உட்காரும் என்று பேச்சுவார்த்தை மேசையில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நமது சங்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தோள் வலி உள்ளவர்கள் வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். கையை நீங்களாகத் தூக்க முடியவில்லை, ஆனால் இன்னொருவர் மெதுவாகத் தூக்கினால் போகிறது என்றால், கோளாறு தசைநாணில் இருக்கலாம். மற்றவர் தூக்கினாலும் போகவில்லை என்றால் மூட்டே இறுகிவிட்டது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இந்த இறுக்கம் அதிகமாக வருகிறது. ஆகவே தோள் இறுகியவர்கள் இரத்தத்தில் சீனியையும் சோதித்துக்கொள்ளுங்கள். ரெண்டுக்கும் வைத்தியம் இருக்கிறது. அதிகமானோருக்குக் கத்தி வைக்கத் தேவையில்லை, பிசியோதெரபி போதும். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் போல ஆட்டுவது, சுவரில் விரலால் ஏணி ஏறுவது போல மெல்ல மெல்ல மேலே போவது, இவையெல்லாம் அங்கே சொல்லித் தருவார்கள். மாசக்கணக்கில் செய்ய வேண்டும். அதுதான் கஷ்டம்.

இனி முழங்கை. இது அண்ணன்மாருக்கு. முழங்கை கதவுக் கீல் மாதிரி மடங்கும், சாவி திருப்புகிற மாதிரி திரும்பவும் செய்யும். மணிக்கட்டை மேலே தூக்குகிற தசைகளெல்லாம் முழங்கையின் வெளிப்பக்கத்து மேட்டில் வந்து ஒட்டுகின்றன. அதனால் வேலை செய்வது மணிக்கட்டு, வலிப்பது முழங்கை. கவ்வாத்துக் கத்தியை ஒவ்வொரு முறை வீசும்போதும் அந்த ஒட்டுகிற இடத்தில்தான் அதிர்வு போய் அடிக்கிறது. கேத்தலைத் தூக்கி ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஊற்ற முடியாமல் கை நடுங்கினால் அதுதான். வெள்ளைக்காரன் இதற்கு டென்னிஸ் முழங்கை என்று பெயர் வைத்தான். நம் ஊரில் டென்னிஸ் விளையாடியது துரை. வலி வந்தது கவ்வாத்துக்காரனுக்கு. மழுங்கின கத்தி இதை இன்னும் மோசமாக்கும். ஒரு வெட்டில் போக வேண்டிய கிளைக்கு மூன்று வெட்டு. கத்தி தீட்ட நேரமும் கல்லும் கேட்பதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

பிள்ளைக்காம்பராவில் இருக்கிற அக்காமாருக்கும் ஒரு சொல். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை ஒரு கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், தூக்கிச் சுற்றி விளையாடாதீர்கள். அந்த வயதில் முழங்கையிலுள்ள எலும்பு வளையத்திலிருந்து சட்டென்று நழுவும். பிள்ளை அழுது கையை ஆட்டாமல் தொங்கப் போட்டுக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் ஒரு நிமிஷத்தில் சரிப்படுத்திவிடுவார்கள். எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள்.

மணிக்கட்டுக்கு வருவோம். இங்கே எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. உள்ளங்கைப் பக்கம் அவை ஒரு வளைவாக நிற்க, அதன்மேல் கெட்டியான ஒரு பட்டி கூரை போட்டிருக்கிறது. ரயிலில் தெமோதரைப் பக்கம் போகும்போது சுரங்கம் வருமே, அது மாதிரி. அந்தச் சுரங்கத்துக்குள் ஒன்பது தசைநாணும் ஒரு நரம்பும் போகின்றன. நாள் முழுக்கக் கிள்ளிக் கிள்ளித் தசைநாணின் உறை வீங்கினால் சுரங்கம் பெரிதாகாது, நரம்புதான் நசியும். அப்போது பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரக்கும். சின்னவிரல் மரக்காது. ராத்திரியில் கூடும். எழுந்து கையை உதறினால் கொஞ்சம் விடும். தலையை ஆட்டுகிறீர்கள், பல பேருக்குத் தெரிந்த கதைதான். பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்துப் போடும்போது பேனை நழுவுகிற தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். எழுத்துத் தெரியாது என்று சிலர் நினைத்தார்கள். எழுத்துத் தெரியும், பேனை தெரியவில்லை. ஆரம்பத்தில் ராத்திரி மணிக்கட்டை நேராக வைத்துப் பட்டி கட்டிப் படுத்தாலே பலருக்குக் குறையும். பெருவிரலின் அடிமேடு வற்றிப்போகும்வரை காத்திருந்தால் கூரையை வெட்டிவிடுகிற சின்னச் சத்திரசிகிச்சை தேவைப்படும். அப்போதும் போன பலம் முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று பெருவிரல் பக்கம் வருவது. பெருவிரலை உள்ளே மடக்கிக் கையைப் பொத்தி, சின்னவிரல் பக்கமாகச் சாயுங்கள். மணிக்கட்டின் ஓரத்தில் சுரீர் என்றால் அங்கே தசைநாண் உறை வீங்கியிருக்கிறது. கைப்பிள்ளைக்காரிகளுக்கும் இது வரும். கொழுந்தும் எடுத்து, பிள்ளையையும் தூக்குகிறவருக்கு ரெட்டைப் பங்கு.

சித்தாலேப பூசினால் இதமாக இருக்கும், பூசுங்கள். ஆனால் கடையில் நோவு மாத்திரை வாங்கி நாள்தோறும் போடுவது வேறு விஷயம். வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இதுவரை சொன்னது மெதுவாக வருவது. திடீரென்று வருவதையும் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கத்து மலைகள் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வழுக்கும்போது யாரும் யோசித்து விழுவதில்லை, கையை ஊன்றுகிறோம். உடம்பும் முதுகிலுள்ள கொழுந்தும் சேர்ந்த பாரம் மணிக்கட்டில் இறங்குகிறது. முன்கையின் பெரிய எலும்பு நுனியில் உடையும். பக்கவாட்டில் பார்த்தால் கரண்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி வளைந்திருக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிவதால் லேசான விழுகைக்கே உடையும்.

அப்போது செய்ய வேண்டியது: இழுக்காதீர்கள், உருவாதீர்கள். வீங்கும் முன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றுங்கள். மட்டக்கம்பை ஒடித்து வைத்தோ, மடித்த பேப்பரை வைத்தோ, கை ஆடாமல் துணியால் கட்டுங்கள். சேலைத் துண்டில் கழுத்தோடு தொங்கவிடுங்கள். விரல்கள் குளிர்ந்தோ நீலமாகவோ மரத்தோ போனால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. தோள் கழன்றாலும் இப்படித்தான். படத்தில் பார்த்தது போல யாரும் காலை வைத்து இழுக்க வேண்டாம், அக்குளுக்குள் நரம்பும் இரத்தக் குழாயும் போகின்றன. முறிவு வைத்தியரை நான் பழிக்கவில்லை, என் தாத்தாவுக்கே அவர்தான் கட்டினார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகு அவரிடம் போகலாம். இறுக்கிக் கட்டிய கட்டுக்குள் விரல் கறுத்துப் போனால் எந்த எண்ணெயும் திருப்பித் தராது.

இங்கேதான் ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒரு தோட்டத்தில் ஒரு அக்கா மலையில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் "விழுந்துட்டேன்" என்று மட்டும் சொன்னார். எங்கே என்று கேட்கவும் இல்லை, இவர் சொல்லவும் இல்லை. தோட்டத்துப் புத்தகத்தில் அன்றைக்கு யாரும் பதியவில்லை. மூன்று மாசம் கழித்துச் சங்கத்துக்கு வந்தார். நட்டஈடு கேட்டபோது, வீட்டில் விழுந்திருக்கலாமே என்றார்கள். நாங்கள் சாட்சி தேடி அலைந்தோம். பக்கத்து நெரையில் நின்றவர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார். கடைசியில் கிடைத்தது ஒன்றுமில்லை.

சட்டம் இல்லாமலில்லை. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம். வேலையின்போது விபத்தில் காயப்பட்டால் தொழில் கொடுப்பவர் நட்டஈடு தர வேண்டும். 2022இல் திருத்தி உச்சத் தொகையை 20 இலட்சம் ஆக்கினார்கள். வேலைக்குப் போய் வருகிற வழியில் நடப்பதையும் சேர்த்தார்கள். ஸ்டோரில் ரோலரில் கை அகப்படுவதற்கும் இதுதான் சட்டம். அத்தோடு இயந்திரத்துக்கு வேலி போட வேண்டும் என்று 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தனியாகச் சொல்கிறது. ஆனால் சட்டத்துக்குத் தேதி வேண்டும், இடம் வேண்டும், கார்டில் எழுத்து வேண்டும்.

ஆகவே டாக்டரிடம் வேலையைச் சொல்லுங்கள். இத்தாலியில் ரமசினி என்று ஒரு வைத்தியர் 1700இல் தொழிலாளரின் நோய்களைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் வைத்தியர் கேட்கிற கேள்விகளோடு "நீ என்ன தொழில் செய்கிறாய்" என்பதையும் சேர்க்க வேண்டும் என்றார். கிளினிக்கில் சனக்கூட்டத்தில் கேட்க நேரமில்லை என்றால் நாமே சொல்ல வேண்டியதுதான். சிங்களம் வராதவர்கள் இதை மட்டும் பாடமாக்கிக்கொள்ளுங்கள்: "தே தளு கடத்தி வெட்டுணா." கொழுந்து எடுக்கும்போது விழுந்தேன் என்று அர்த்தம். எங்கே, எத்தனை, ஒரு தடவை எல்லோரும் சொல்லுங்கள் பார்ப்போம்.

மெதுவாக வருகிற நோவுக்கு நட்டஈடு எடுப்பது இதைவிடக் கஷ்டம். எந்த நாள் வந்தது என்று யார் சொல்வது? ஆனால் அது தொழில் நோயல்ல என்று இனி யாரும் நம்மிடம் சொல்ல முடியாது. சர்வதேசத் தொழில் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில், பெருவிரல் பக்கத்துத் தசைநாண் வீக்கமும், முழங்கை மேட்டு நோவும், மணிக்கட்டுச் சுரங்கத்தில் நரம்பு நசிவதும் பெயர் சொல்லி இருக்கின்றன. அடுத்த பேச்சுவார்த்தைக்கு அந்தப் பட்டியலையும் கொண்டுபோக வேண்டும் என்று சங்கத்திடம் கேட்டிருக்கிறேன். அதோடு போக வேண்டியவை: கை வருத்தம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தவருக்குப் பேர் குறையாமல் இலேசான வேலை, செங்குத்தான மலைகளில் படி வெட்டுதல், முதுகில் பாரம் சேராதபடி நாளுக்கு ஒரு நிறுவை கூடுதலாக.

இவற்றைக் கேட்க நம் கையில் கணக்கு வேண்டும். ஒவ்வொரு தோட்டத் தலைவிக்கும் ஒரு சி.ஆர். கொப்பி தருகிறேன். பெயர், எந்த மலை, எந்த மூட்டு, எப்போதிருந்து என்று எழுதுங்கள். விழுந்தால் அன்றைக்கே நேரத்தையும், பக்கத்தில் நின்ற ரெண்டு பேரின் பெயரையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதக் கை வராதவர்கள் பிள்ளைகளை விட்டு எழுதுங்கள். அந்தப் பின்னல் போடாத பிள்ளைதான் தன் லயத்தில் முதல் பக்கத்தை எழுதித் தந்தது. பதினொரு பேர் இருக்கிறார்கள்.

அதன் அம்மா இப்போது கிளினிக் போகிறார். கை காது மட்டத்துக்கு வந்திருக்கிறது. கொப்பிகள் வாசல் மேசையில் இருக்கின்றன, போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.