கூண்டு எண்ணும் காற்றின் கணக்கும்



தலைமையுரை நீளக் கூடாது என்று ஒருங்கிணைப்பாளர் வாசலிலேயே சொல்லிவிட்டார். ஆகவே நேரே கூண்டுக்கு வருகிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய செய்தியைப் படிக்காதவர் இங்கே இருக்க மாட்டார். எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது பாதிதான் சரி. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயத்தைச் சொல்பவை. துறைமுகம் புயல் பாதைக்கு இடப்புறம் இருந்தால் 5, வலப்புறம் என்றால் 6, புயல் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடந்தால் 7. கடும் புயலுக்கு 8, 9, 10 இதே வரிசை. 11ஆம் எண் காற்றைப் பற்றியதே அல்ல. வானிலை அலுவலகத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள்!

இடமா வலமா என்பதில் என்ன இருக்கிறது? நம் பக்கத்துப் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வது. வங்கக் கடலிலிருந்து மேற்கே வந்து கரையேறும்போது, வலப்புறமான வடக்கில் காற்று கடலை ஊருக்குள் தள்ளும். தெற்கில் கரையிலிருந்து கடலுக்கு வீசும். நங்கூரமிட்ட கப்பலின் மாலுமிக்கு இது அருமையான தகவல். கரையோரக் குடிசைவாசிக்கு 6 என்ற எண் மட்டும் என்ன சொல்லும்?

இந்த ஏற்பாட்டின் மூதாதை இங்கிலாந்தில் இருக்கிறது. 1859இல் ‘ராயல் சார்ட்டர்’ கப்பல் புயலில் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டபின், அங்கே வானிலைத் துறையை நடத்திய ஃபிட்ஸ்ராய் 1861இல் துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூம்புகளை ஏற்றவைத்தார். அவர் மறைந்ததும், அறிவியல் அடிப்படை போதாது என்று அறிஞர்கள் அதை நிறுத்தினார்கள். திரும்பக் கேட்டு வாங்கியவர்கள் கடலோடிகள். இது போன்ற அவைகள் மறக்கக் கூடாத செய்தி.

எண் மட்டும் போதாது என்பது காற்றின் கணக்குக்கும் பொருந்தும். நம் வானிலைத் துறையின் அளவில் மணிக்கு 62 கி.மீ. தொட்டால் புயல், 89 தொட்டால் தீவிரப் புயல். இவை மூன்று நிமிடச் சராசரி. இடையிடையே வீசுவது இதைத் தாண்டும். வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. 2018இல் கஜா புயலுக்குப் பின் பட்டுக்கோட்டைப் பக்கத் தென்னந்தோப்புகளைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒக்கிப் புயலை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். 2017 நவம்பர் 29இல் தாழ்வு மண்டலம். மறுநாள் காலையே குமரிக்கு அருகில் புயல். தங்குகடல் தொழிலுக்குப் போன விசைப்படகுகளோ பல நாள் முன்பே கரையை விட்டிருந்தன. கைபேசிக் கோபுரம் எட்டாத தொலைவில் இருந்தவனுக்குக் கரையில் ஒலித்த ஒலிபெருக்கியால் என்ன பயன்? கணிப்பு மேம்பட வேண்டும், சரிதான். ஆனால் இந்த இரண்டு நாள் கருத்தரங்கின் கட்டுரைகளில் பாதியாவது, சொன்ன சொல் படகுக்குப் போய்ச் சேருகிற வழியைப் பேச வேண்டும் என்பது என் கட்சி.

அதனால் நிரலில் ஒரு மாற்றம். நாளை மாலைக்கு வைத்திருந்த மீனவர் அமர்வு இப்போதே தொடங்குகிறது. கணினி மாதிரிகள் பற்றிய கட்டுரையாளர்கள் பிற்பகல் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.