கட்டுமரத்துல இருக்கிற மரம்

ஐரிஷ் மொழியில ‘க்ரான்’னா மரம். கப்பல்ல பாய் கட்டுற கம்பத்துக்கும் அதே பேர்தான். நமக்கு இது புதுசு இல்ல, நாமளும் பாய்மரம்னுதானே சொல்றோம்? நம்ம ராயபுரம், காசிமேடு பக்கம் இன்னும் ஒரு படி மேல. மீனவர் பேச்சுல மரம்னாலே படகு. “மரம் கடலுக்குப் போயிருக்கு”ன்னா கட்டுமரம் போயிருக்குன்னு அர்த்தம்.

இதைத்தான் இங்கிலீஷ்காரங்க ‘கேட்டமரான்’னு எடுத்துட்டுப் போனாங்க. 1697-ல வந்த தன்னோட பயணப் புத்தகத்துலயே வில்லியம் டேம்பியர், சோழமண்டலக் கரையில வழங்கின இந்தப் பேரைக் குறிச்சிருக்கார். அப்புறம் அர்த்தம் மாறிடுச்சு. 1876-ல அமெரிக்காவுல நத்தனியேல் ஹெரெஷாஃப், ‘அமரில்லிஸ்’னு ரெண்டு உடல் வச்ச படகு கட்டினார். இன்னிக்கு உலகம் முழுக்க அந்த மாதிரி படகுக்குத்தான் கேட்டமரான்னு பேரு. மூணு உடல் இருந்தா ட்ரைமரான். அதாவது ‘கட்டு’ கழண்டு போச்சு, ‘மரம்’ மட்டும் மிச்சம். வேரியபிள் பேரை அப்படியே விட்டுட்டு உள்ளே கோடை மொத்தமா மாத்தின மாதிரி. (எங்க வேலையில இது தினமும் நடக்கும்.)

ஆனா சூட்சுமமே அந்த ‘கட்டு’லதான். லேசான மரத்துண்டுகளைச் செதுக்கி, கயித்தால சேர்த்துக் கட்டுவாங்க. அலை மேல ஏறினாலும் தண்ணி இடுக்கு வழியா வழிஞ்சிடும், மூழ்காது. சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்துல, தூரத்துல நின்ன கப்பலுக்குக் கடிதம் கொண்டு போனது இந்த மரத்து ஆளுங்கதான். நனையாம இருக்க தொப்பிக்குள்ள வச்சுக்குவாங்க. கரைக்கு வந்ததும் கயித்தை அவிழ்த்து, ஊறின மரத்தைக் காயப்போடணும். அதுக்கு மணல் வேணும்.

மணல் எங்க? 19-ஆம் நூற்றாண்டு கடைசியில துறைமுகச் சுவர் கடலுக்குள்ள நீண்டுச்சு. வடக்கு நோக்கிப் போற மணல் அதுல முட்டி தெற்கே தேங்கிச்சு, மெரினா அகலமாச்சு. இந்தப் பக்கம் ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் கடல் கரையைத் தின்னுச்சு. இப்ப அங்க கல்லு கொட்டி வச்சிருக்காங்க. அடுத்த தடவை மெரினாவுல சுண்டல் சாப்பிடும்போது ஞாபகம் வச்சுக்கோங்க, அது எங்க ஏரியாவுக்கு வரவேண்டிய மணல்.

2004 சுனாமிக்கு அப்புறம் ஃபைபர் போட்டு நிறைய வந்துச்சு. இஞ்சின் இருக்கு, சீக்கிரம் போய்ட்டு வரலாம். பழசுக்கே திரும்புங்கன்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனா உங்க வீட்டுல மரம் ஓட்டின தாத்தா இருந்தா, நடுவுல வர்ற கட்டைக்கு என்ன பேரு, ஓரத்துல வர்றதுக்கு என்ன பேருன்னு கேட்டு, அவர் குரல்லயே ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. அடுத்த எபிசோட் முழுக்க அதையே போடலாம்.