நெப்ராஸ்கா சட்டசபையும் 'குழந்தை' என்னும் சொல்லும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டத்தில் பேசிய அன்பர் ஒருவர், சட்டசபைகளில் வரியையும் நிலத்தையும் உத்தியோகத்தையும் பற்றி வரும் மசோதாக்களையே நாம் கவனிக்கின்றோம் என்றும், குழந்தைகளையும் குடும்பத்தையும் பற்றியது வந்தால் பத்திரிகையின் அப்பக்கத்தைப் புரட்டிவிடுகின்றோம் என்றும் குறைப்பட்டுக்கொண்டார். அவ்விஷயமாகவே இன்று ஏதேனும் பேசுமாறு காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்தார்கள். யாம் இலக்கணம் கற்பிப்போமேயன்றிச் சட்டம் கற்றோமல்லோம். ஆயினும், ஒரு சொல்லின் பொருளை வரையறுக்காமல் விட்டமையால் ஒரு சட்டசபையே தடுமாறிய வரலாறு ஒன்று உண்டு. அது தமிழாசிரியனுக்கும் உரிய விஷயம் எனத் துணிந்து அதனையே எடுத்துக்கொண்டோம்.

அமெரிக்க ஐக்கிய மாகாணங்களின் நடுவே, சோளமும் மாடும் மலிந்த சமவெளி நாடு நெப்ராஸ்கா. அதன் தலைநகர் லிங்கன், பெருநகர் ஓமாஹா. ஏனைய மாகாணங்களிலெல்லாம் மேற்சபை, கீழ்ச்சபை என இரண்டு இருக்க, இம்மாகாணத்துக்கு மட்டும் 1937 முதல் ஒரே சபை. அங்கத்தினர் 49 பேர். தேர்தற் சீட்டில் அவர்தம் பெயருக்கு அருகே கட்சிப் பெயர் இராது. இரண்டு சபை இருந்தால் ஒன்றன் பிழையை மற்றொன்று காணும் என்பாரும், ஒன்றே இருந்தால் வீண் செலவில்லை என்பாரும் உளர். அவ்வழக்கினுள் யாம் புகவில்லை.

பெற்ற சிசுவைக் குப்பைத் தொட்டியில் எறிந்து செல்லும் கொடுமை அந்நாட்டிலும் உண்டு. அதனைத் தடுக்கும் பொருட்டு 1999-இல் டெக்ஸாஸ் மாகாணம் ஒரு சட்டம் இயற்றியது. சிசுவைக் குறித்த இடத்தில் ஒப்படைத்துச் செல்லும் பெற்றோர்மீது வழக்குத் தொடரப்படமாட்டாது என்பது அதன் சாரம். பெண் சிசுக்கொலையைத் தடுக்கும் பொருட்டு நம் தமிழ்நாட்டில் 1992-இல் சேலத்தில் தொடங்கப்பெற்ற தொட்டில் குழந்தைத் திட்டமும் ஏறக்குறைய இக்கருத்துடையதே. மற்ற மாகாணங்கள் ஒவ்வொன்றாக டெக்ஸாஸைப் பின்பற்ற, இறுதியில் எஞ்சி நின்றது நெப்ராஸ்கா. 2008-இல் அதுவும் இயற்றிற்று.

மசோதா முதலில் வந்தபோது, பிறந்து 72 மணி நேரத்துக்கு உட்பட்ட சிசு என்றே இருந்தது. விவாதத்தில், நான்காம் நாட் குழந்தையைக் காவாது விடுவது என்ன நியாயம் என்னும் கருத்து மேலிட்டது. சமரசமாக வயதெல்லையை அடியோடு நீக்கி, 'குழந்தை' என்னும் ஒரு சொல்லை மட்டும் நிறுத்தினர். எத்தனை வயதுவரை குழந்தை? சட்டம் வாய் திறக்கவில்லை. அம்மாகாணத்தில் ஒருவர் மேஜர் ஆவது 19 வயதில். 2008 ஜூலை 18-ஆம் நாள் சட்டம் அமலுக்கு வந்தது.

நம் மொழியில் இச்சங்கடம் நேர்ந்திராது என்று பெருமை பேச எமக்கும் ஆசைதான். பிள்ளைத்தமிழ் பாடுவோர் மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை பத்துப் பருவம் வகுப்பர். பெண்டிர்க்குப் பேதை முதலாக ஏழு பருவம் சொல்லுவர். இவ்வளவு நுட்பம் உடைய நாமும் வீட்டில் எவ்வாறு பேசுகின்றோம்? மீசை அரும்பிய பதினாறு வயதுப் பையனைப் பற்றித் தாய், "குழந்தை இன்னும் சாப்பிடவில்லை" என்கிறாள். அவளுக்கு அச்சொல்லில் வயதெல்லை இல்லை. நெப்ராஸ்காவில் நடந்ததும் இதுவே. சட்டசபையார் மனத்திலிருந்தது தொட்டிற் சிசு; ஏட்டில் எழுதியதோ தாயின் சொல். ஏட்டைப் படித்தவர்கள் தாய்மார்.

செப்டம்பர் மாதத்தில் அவர்கள் வரத் தொடங்கினர். ஓமாஹா நகரின் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஒரு தந்தை ஒரே இரவில் ஒன்பது பிள்ளைகளை அழைத்துவந்து விட்டுச் சென்றார். மூத்த பிள்ளைக்கு வயது 17. இளைய குழந்தைக்கு 1. அக்கடைக்குட்டி பிறந்த சில நாட்களில் தாய் இறந்துபோனாள். ஓராண்டுக்கு மேல் தனியே தாங்கிப் பார்த்த அம்மனிதர், இனித் தம்மால் இயலாது எனக் கண்டு இவ்வாறு செய்தார். அவரைத் தொடர்ந்து பாட்டிமார், அத்தை சித்திமார், தனித்த தாய்மார் எனப் பலர் வந்தனர். அயோவா, மிச்சிகன், ஜார்ஜியா முதலிய அயல் மாகாணங்களிலிருந்தும் சிலர் வந்தனர். ஜார்ஜியாவிலிருந்து வந்த வழி ஏறக்குறைய 1000 மைல். நவம்பர் மாதத்துக்குள் விடப்பட்டவர் தொகை 36 ஆயிற்று. அவருள் அன்று பிறந்த சிசு ஒன்றேனும் இல்லை. பெரும்பாலோர் பத்து வயதைக் கடந்தவர்.

பத்திரிகைகள் நகைத்தன. சட்டத்தின் ஓட்டையில் சோம்பேறிப் பெற்றோர் நுழைகின்றனர் என்றாரும் உளர். அது முழு உண்மையன்று என்பது பின்னர்த் தெரிந்தது. அப்பிள்ளைகளுள் பெரும்பாலோர் முன்னமே மனநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தவர். வீட்டில் அடிப்பவர், நள்ளிரவில் ஓடிப்போகிறவர், தம்மையே காயப்படுத்திக்கொள்பவர். இன்ஷூரன்ஸ் தொகை சில நாட்களில் தீர்ந்துவிடும். தங்கியிருந்து சிகிச்சை பெறும் இடங்களுக்கோ நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். இதில் விந்தை யாதெனில், பிள்ளை சர்க்காரின் பொறுப்பில் இருந்தால் அச்சிகிச்சை கிடைக்கும். பெற்றோரிடத்தில் இருந்தால் கிடைப்பது அரிது. அந்நாட்டு மத்திய அரசின் தணிக்கை அலுவலகம் 2003-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2001-ஆம் நிதியாண்டில், கணக்குக் கொடுத்த 19 மாகாணங்களிலும் 30 ஜில்லாக்களிலும் மட்டும், மனநோய்ச் சிகிச்சை பெறுவிப்பதற்காகவே பெற்றோர் சர்க்காரிடம் விட்ட பிள்ளைகள் 12,700-க்கு மேல் என்று அது கூறிற்று. பிள்ளையைக் காப்பதற்காகப் பிள்ளையைத் துறப்பது! நெப்ராஸ்காவின் 36 பேர் எங்கிருந்து வந்தனர் என்பதற்கு இத்தொகையே விடை. அவர்களை அச்சட்டம் உண்டாக்கவில்லை. வீட்டுக் கதவுகளுக்குப் பின்னே இருந்தவரை வெளியே கொணர்ந்தது.

கவர்னர் டேவ் ஹைன்மன் நவம்பரில் விசேஷக் கூட்டம் கூட்டினார். சட்டசபையார் ஒரு வாரத்தில் திருத்தம் நிறைவேற்றி, பிறந்து 30 நாட்களுக்கு உட்பட்ட சிசு என்று எல்லை வகுத்தனர். நவம்பர் 21-ஆம் நாள் கவர்னர் கையெழுத்திட்டார். கதவு மூடப்போகின்றது என்று கேட்டுக் கடைசி நாட்களிலும் சிலர் பிள்ளைகளுடன் ஓடிவந்தனர். (2024-இல் அவ்வெல்லை 90 நாளாக நீட்டப்பட்டது.)

இத்திருத்தத்தை யாம் குறைகூற மாட்டோம். தொட்டிற் சிசு தான் விடப்பட்டதை அறியாது. பதின்மூன்று வயதுப் பையனோ, ஆஸ்பத்திரி வாயிலில் தாயின் வண்டி திரும்பிச் செல்வதைக் கண்ணால் காண்கிறான். அப்பையனை அவ்வாறு நிறுத்துவதற்கு அனுமதி தருவது சட்டமாகாது. ஆயின், சொல்லைத் திருத்த அவர்களுக்கு ஒரு வாரம் போதியதாயிற்று. குறையைத் திருத்தவோ மேலும் ஓராண்டு சென்றது. 2009-இல் இயற்றிய மற்றொரு சட்டத்தின்படி, 2010 ஜனவரி முதல், இரவு பகல் எந்நேரமும் பெற்றோர் அழைக்கத்தக்க டெலிபோன் உதவி ஏற்பட்டது. அழைத்தவர் வீட்டுக்கே வந்து, எவ்விடத்தில் எவ்வுதவி உண்டு என வழிகாட்டுவோர் நியமிக்கப்பட்டனர். பிறர் பிள்ளையைத் தத்தெடுத்தும் பொறுப்பேற்றும் வளர்ப்போருக்கும் தனியே உதவி வகுத்தனர். இச்சட்டத்துக்குப் பத்திரிகைகளில் கிடைத்த இடம் சிறிது. மத்திய அரசும், பிள்ளையை வீட்டினின்று பிரித்த பின்னரே பெரும்பாலும் பணம் தந்துவந்த முறையை மாற்றி, பிரியாமற் காக்கும் உதவிகளுக்கும் பணம் தரலாம் என 2018-இல் சட்டம் செய்தது.

இனி நம் நாட்டுச் சட்டத்தைச் சிறிது காண்போம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தை என்பது 18 வயது நிரம்பாதவர் என்று ஐயமற வரையறுத்திருக்கின்றது. அதன் 35-ஆம் பிரிவின்படி, தம் சக்திக்கு மீறிய காரணங்களால் பிள்ளையை வளர்க்க இயலாத பெற்றோர் குழந்தைகள் நலக் குழுவின் முன் அதனைத் தெரிவிக்கலாம். அக்குழுவில் தலைவர் ஒருவரும் அங்கத்தினர் நால்வரும் இருப்பர்; அந்நால்வருள் ஒருவரேனும் பெண்ணாதல் வேண்டும். குழு விசாரித்து, அறிவுரை கூறி, ஒப்படைப்புப் பத்திரம் எழுதிய பின்னும், மறுபடி எண்ணிப் பார்க்க இரண்டு மாதத் தவணை தரும். நெப்ராஸ்காவார் விட்ட சொல்லையும் தவணையையும் நம் சட்டம் விடவில்லை. ஆபத்திலுள்ள பிள்ளைகளுக்காக 1098 என்னும் டெலிபோன் எண்ணும் உண்டு. இவ்வளவும் ஏட்டில் இருப்பது இச்சபையில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்க எமக்கு உரிமை இல்லை. ஏனெனில் எமக்கே தெரிந்திருக்கவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன், எம் வகுப்பு மாணவன் ஒருவனுடைய தாயார் எம்மைத் தேடி வந்தார். கணவரை இழந்தவர், மில்லில் இரவு முறை வேலை. பையன் வீட்டிலுள்ள பாத்திரங்களை விற்றுவிடுகிறான், தட்டிக் கேட்டால் கை ஓங்குகிறான் என்றார். "ஐயா, இவனை எங்கேயாவது சேர்த்துவிடுங்கள், எனக்கு முடியவில்லை" என்றார். நம் சங்க மாணவர் விடுதி எம் நினைவுக்கு வந்தது. விடுதிப் படிவத்தின் ஏழாம் விதி, வகுப்பாசிரியர் கையொப்பமிட்ட நன்னடத்தைச் சான்று வேண்டும் என்கிறது. அவ்வாசிரியர் யாமே. பொய்ச் சான்று எழுதக் கூடாது என்று எண்ணினோம், எழுதவில்லை. அவ்வம்மையார் வாதாடவில்லை, கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த மாதம் பையன் பள்ளிக்கு வருவது நின்றுபோயிற்று. ஜில்லாத் தலைநகரில் ஒரு குழு இருக்கின்றது என்று அன்று ஒரு வார்த்தை சொல்ல எமக்குத் தெரியவில்லை.

அவ்வேழாம் விதியை நிர்வாக சபை மீண்டும் ஆராய வேண்டும் என்றும், விடுதி வாயிலிலும் சங்கக் கட்டிடத்திலும் ஜில்லாக் குழுவின் விலாசத்தையும் 1098 என்னும் எண்ணையும் எழுதி வைக்க வேண்டும் என்றும் எழுத்து மூலமாகக் காரியதரிசியவர்களிடம் கொடுத்திருக்கின்றோம். அதன் நகல் மேசைமேல் இருக்கின்றது. சம்மதமுள்ளவர்கள் போகும்போது அதில் கையொப்பமிடலாம்.