அனுமதி கேட்கும் பண்பு

 

இணையத்தில் நமது விபரங்கள் திரட்டப்படுவதைப் பற்றி யாரேனும் எச்சரித்தால், "மறைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு நகர்ந்த காலம் ஒன்றிருந்தது. இன்று அவ்வாறு கூறி எளிதில் நகர்ந்துவிட முடியாது.

'முஸ்லிம் ப்ரோ' என்பது தொழுகை நேரத்தையும் கிப்லாவின் திசையையும் காட்டும் ஒரு செயலி. அதனைப் பயன்படுத்தியோரின் இருப்பிடத் தகவல்கள் 'எக்ஸ்-மோட்' என்னும் அமெரிக்க நிறுவனத்தைச் சென்றடைந்ததாகவும், அவ்வாறு திரட்டப்பட்ட தகவல்கள் ஒப்பந்தகாரர்கள் வழியே அமெரிக்க இராணுவத்தை எட்டியதாகவும் 2020 நவம்பரில் செய்தி வெளியாயிற்று. எதிர்ப்பு வலுத்தது. அந்நிறுவனத்துடனான தொடர்பைத் துண்டிப்பதாகச் செயலியை நடத்தியோர் அறிவித்தனர்.

சிந்தித்துப் பாருங்கள். அம்மக்கள் செய்த குற்றம் யாது? தொழுகைக்கு நேரம் பார்த்தார்கள், அவ்வளவே. குற்றமற்றவரின் நடமாட்டமும் விலைபோகும் பண்டமே என்பதை உலகம் அன்று உணர்ந்தது. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தனது புதிய நிபந்தனைகளை அறிவித்தபோது பெருந்தொகையானோர் வேறு செயலிகளை நாடினர். பெப்ரவரி 8 என்றிருந்த இறுதித் திகதியை அந்நிறுவனம் மே 15க்குப் பிற்போட நேர்ந்தது.

நமது நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. எனினும், தனிமனிதர் தமது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் விபரங்களுக்கு அச்சட்டம் ஏற்புடையதன்று. சட்டம் நுழையாத அவ்விடத்தில் நம்மைக் காக்க வேண்டியது நமது மனச்சாட்சியே.

அங்கே நமது நிலை என்ன? நிறுவனங்களைக் கண்டிக்கும் நாமே, பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றைச் சுட்டெண்ணுடன் படம்பிடித்து உலகுக்குக் காட்டுகின்றோம். தேசிய அடையாள அட்டையின் பிரதியைக் குழுமங்களில் பகிர்கின்றோம். பிறந்த ஆண்டும் நாளும் அந்த இலக்கத்திலேயே அடங்கியுள்ளன என்பதை மறந்துவிடுகின்றோம். நம்மை நம்பி ஒருவர் அனுப்பிய செய்தி, மறுகணமே பத்துப் பேரின் கைகளில் இருக்கின்றது.

பிறர் இல்லத்தினுள் அனுமதி பெறாமலும் ஸலாம் கூறாமலும் நுழையலாகாது என்று ஸூரத்துன் நூரின் 27ஆவது வசனம் கற்பிக்கின்றது. கதவுக்கு அந்த ஒழுக்கம் உண்டென்றால், ஒருவரது புகைப்படத்துக்கும் அந்தரங்கத்துக்கும் அது இல்லாமற் போகுமா?

பெற்றோர்களே! பிள்ளையின் படத்தை வெளியிடுமுன் அப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கப்பட்டு வளரும் பிள்ளையே நாளை பிறரிடமும் கேட்கும். இளைஞர்களே! செயலி ஒன்று இருப்பிடத்தை அறிய அனுமதி கோரினால், அதன் பணிக்கு அது தேவைதானா என ஆராய்ந்து இணங்குங்கள். நண்பனின் இரகசியம் உங்களிடமுள்ள அமானிதம். அதனைப் பகிர உங்களுக்கு உரிமையில்லை.

பிறர் மானத்தைத் தம் மானமெனக் காப்போராக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.