வாவிக்கரை வளவில் பூவிதைகள்



கடல்கடந்து வாழும் உறவினர் அனுப்பும் பொதிகளிலே பூவிதை உறைகளும் வருவதுண்டு. அத்தகைய உறையொன்றைக் காட்டி, "தம்பி, இந்தப் பூ எங்கட மண்ணில வருமா?" என்று எழுவான்கரையிலுள்ள பெரியம்மா ஒருவர் என்னை வினவினார். உறையிலிருந்தது எக்கினேசியா. நடுவே முள்நிறைந்த கூம்புத்தலை. சுற்றிவரச் சரிந்து தொங்கும் ஊதா இதழ்கள்.

முதலில் ஒன்று கூறவேண்டும். அனுமதியின்றி வெளிநாட்டு விதையைத் தருவித்தல், 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறானது. அது நிற்க, செடியின் இயல்பைப் பார்ப்போம். எக்கினேசியாவின் தாயகம் வட அமெரிக்கப் புல்வெளி. பனிக்காலத்தை மண்ணுள் கழித்த விதையே அங்கு நன்கு முளைக்கும். ஈரமணலோடு நான்கு வாரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அக்குளிரை நாமும் ஊட்டலாம். முளைத்தபின் வருவதே பெருந்தொல்லை. பெரும்பாலும் இரண்டாம் ஆண்டிலேதான் அது பூக்கும். அதற்குள் நமது மாரியைத் தாண்டியாக வேண்டும். நீர் தேங்கினால் அடித்தண்டு அழுகிவிடும்.

ஆகவே அதே சூரியகாந்திக் குடும்பத்துச் சினியாவை நடும்படி பெரியம்மாவுக்குச் சொன்னேன். இரு மாரிகளுக்கு இடையிலே தன் வாழ்வை முடித்துக்கொள்ளும் செடி அது. நானோ அதனையும் ஒருமுறை ஐப்பசியில் விதைத்துவிட்டுக் கார்த்திகை வெள்ளத்திலே பாத்தியைத் தேடியவன்! தை மாதக் கடைசியில், மழை ஓய்ந்து மண் வடிந்தபின் விதையுங்கள். மணலோடு மக்கிய சாணத்தைக் கலந்து, கால் அங்குல ஆழத்தில், நிற்குமிடத்திலேயே ஊன்றுங்கள். பிடுங்கி நடுவதை அது விரும்பாது. ஒரு வாரத்துள் முளைக்கும். பங்குனி, சித்திரையிற் பூக்கும். இலைமேல் நீர் தெளிக்காது, அடியிலே ஊற்றுங்கள்.

ஊற்றும் நீரைப் பற்றியும் சொல்லவேண்டும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நம் மணற்றரையின் கீழே, உவர்நீரின்மேல் நன்னீர் மெல்லிய படையாகவே மிதக்கிறது. கோடையில் இயந்திரமிட்டு அளவின்றி இறைத்தால் உவர் மேலெழும். 2004 மார்கழி ஆழிப்பேரலை நம் கிணறுகளை உப்பாக்கியபோது, அவ்வுப்பைப் பெரிதும் கழுவியது அடுத்தடுத்த மாரி மழையே. எனவே வாளியால் அளவாக அள்ளி, மாலையில் ஊற்றுங்கள். நீரை நாவில் வைத்துப் பாருங்கள். கரித்தால் அது செடிக்கு ஆகாது. தென்னோலைத் துண்டுகளை மூடாக்காக இட்டால் குறைந்த நீரே போதும்.

நல்ல பூக்கள் இரண்டு மூன்றைக் கொய்யாது காம்பிலேயே காயவிடுங்கள். கச்சான் காற்று வலுக்குமுன் எடுத்து நிழலில் உலர்த்தி, சாம்பலோடு போத்தலில் அடையுங்கள். கடையிற் கிடைக்கும் கலப்பின விதையாயின் மறுபோகம் தாயைப் போல் இராது. அயல் வளவிற் பலகாலம் பூத்த செடியின் விதையே நன்று.

பெரியம்மாவின் வேலியோரத்தில் சென்ற சித்திரையிலே செம்மையும் மஞ்சளுமாய்ப் பூத்தன. விதைப் போத்தல் இப்போது அடுப்படித் தட்டிலே தை பிறக்கக் காத்திருக்கிறது.